ஒரே ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால்…

பெயரும் கார் மாடலும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். வாங்கி மூன்று வருடம்கூட முடியவில்லை, ஓடியது 24,000 கி.மீ. அலுவலகம் போக 3 கி.மீ., வர 3 கி.மீ., பெரும்பாலும் அவ்வளவுதான் ஓட்டம். இரண்டு மாதமாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் உதறுகிறது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஸ்கேனரில் பி0302 என்று பழுதைக் குறிக்கும் கோடு (code) வந்ததாம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் (சிலிண்டருக்குள் பொறி போட்டுப் பெட்ரோலைப் பற்றவைப்பது) மாற்றி, கோடை அழித்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் வண்டி புதுசு மாதிரி ஓடியது. அப்புறம் பழைய கதைதான். நடுவில் ஒரு நாள் நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது அந்த விளக்கு விட்டு விட்டு மின்னியது. பயந்துகொண்டே இன்னும் 40 கி.மீ. ஓட்டி வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது ஒர்க்‌ஷாப்பில், "நான்கு காயில், நான்கு இன்ஜெக்டர், எல்லாத்தையும் மாத்திடலாம்" என்கிறார்கள். (காயில் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது, இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுவது.) காரணம் கேட்டால், "கொஞ்சம் கொஞ்சம் தூரமா ஓட்டுறீங்க, அதான் பிளக்குல கரி பிடிக்குது" என்று பதில். பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பழுப்பு வளையம் இருப்பதைக் காட்டி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தம்) லீக் ஆகிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். தம்பியோ, "இன்னும் ஹாட்டான பிளக் போடு, சரியாயிடும்" என்கிறார். வாசகியின் கேள்வி மூன்று: இது தயாரிப்புக் குறையா, என் ஓட்டும் முறையா? எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா? அடுத்த சர்வீஸ் வரை இப்படியே ஓட்டலாமா?

கடிதத்தோடு அவர் ஒரு படமும் அனுப்பியிருக்கிறார். கழற்றிய நான்கு பிளக்கையும் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து எடுத்த படம். மூன்றின் முனை இளம்பழுப்பு. ஒன்று மட்டும் அடுப்புக்கரி நிறம், ஈரமில்லை, பூசின மாதிரி மங்கலான கறுப்பு.

இனி உங்களிடம் நேராகவே பேசுகிறேன்.

மூன்றாவது கேள்விக்குத்தான் முதலில் பதில். இப்படியே ஓட்டக்கூடாது. செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. நிலையாக எரிந்தால் "பார்க்க வேண்டிய பழுது இருக்கிறது" என்று பொருள். மின்னினால், "எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடப்போகிறது" என்று பொருள். கன்வெர்ட்டர் என்பது இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் பாகம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் அளவுக்கு மீறிச் சூடாகி உருகவே செய்யலாம். காரின் விலை உயர்ந்த பாகங்களில் அதுவும் ஒன்று. அடுத்த முறை மின்னினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தவே வழியில்லாத இடமென்றால் மெதுவாக, ஏற்றத்தில் மிதிக்காமல், பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பான இடம் வரை மட்டும் போங்கள்.

அந்த 40 கி.மீ. நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற கோடு வரவில்லை, பிக்கப் குறையவில்லை, காருக்கு அடியில் கலகல என்று சத்தம் இல்லை என்றால் பெரும்பாலும் தப்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கோடு சொல்வது பாதிதான்

பி0302 என்றால் "இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர்", அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. கடைசி எண்தான் சிலிண்டர் எண். பி0300 என்று வந்திருந்தால் இந்தச் சிலிண்டர் என்று குறிப்பிடாமல் அங்கங்கே மிஸ்ஸாகிறது என்று அர்த்தம். இதை இன்ஜின் கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா? பெரும்பாலான கார்களில் அது பிளக்கைப் பார்ப்பதே இல்லை. கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றும் வேகத்தைத்தான் பார்க்கிறது. பிஸ்டன்கள் தள்ளத் தள்ளச் சுற்றும் தண்டு அது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் வெடித்துத் தள்ள வேண்டும். இரண்டாவதின் முறை வரும்போது தள்ளல் இல்லை, சுற்று ஒரு நொடியின் சிறு துளி அளவு தொய்கிறது. அந்தத் தொய்வைத்தான் அது எழுதி வைக்கிறது. யார் தள்ளவில்லை என்பது அதற்குத் தெரியும். ஏன் தள்ளவில்லை என்பது தெரியாது.

ஏன் என்பதற்குச் சாட்சி சொல்வது பிளக். அதனால்தான் உங்கள் ஒர்க்‌ஷாப்மேல் எனக்கு வருத்தம். பிளக்கை மாற்றியதில் தப்பில்லை. கழற்றியதைப் பார்க்காமலே புதுசைப் போட்டதுதான் தப்பு. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், கழற்றிய பிளக்குகளை ஒரே டப்பாவில் போட்டதற்கு என் முதலாளியிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து முட்டை அட்டையில் 1, 2, 3, 4 என்று பேனாவால் எழுதி, அந்தந்தக் குழியில்தான் நிறுத்தி வைக்கிறேன். உங்கள் படத்தில் எண் இல்லை. கறுத்தது இரண்டாம் சிலிண்டர் பிளக் என்று ஊகிக்கத்தான் முடியும். கோடும் இரண்டைக் காட்டுவதால் ஊகம் பலமாக இருக்கிறது. ஆனாலும் அடுத்து கழற்றும்போது எண் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

படத்தில் நான் பார்ப்பது

இளம்பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ முனை இருந்தால் அந்தச் சிலிண்டர் ஆரோக்கியமாக எரிகிறது. உங்கள் மூன்று பிளக் அப்படித்தான். உலர்ந்த கறுப்பு என்றால் கரி: பெட்ரோல் அதிகம், அல்லது எரிவது போதவில்லை. பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் பொறியே விழவில்லை. வெள்ளையாக வெளுத்துக் கொப்புளம் கட்டியிருந்தால் மிதமிஞ்சிய சூடு. உங்களுடையது முதல் வகைக் கறுப்பு, அதாவது கரி.

இப்போது, "கொஞ்ச தூரம் ஓட்டுகிறீர்கள், அதனால்தான்" என்ற வாதத்தைப் பார்ப்போம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவும் விடும். 3 கி.மீ. ஓட்டத்தில் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பி இறங்கிவிடுகிறீர்கள். சரி. ஆனால் அதுதான் காரணம் என்றால் நான்கு பிளக்கும் கறுத்திருக்க வேண்டுமே! நான்கு சிலிண்டரும் அதே 3 கி.மீ.தான் ஓடின. மூன்று பழுப்பு, ஒன்று கறுப்பு என்றால் பழுது அந்த ஒரு சிலிண்டரோடு நிற்கிறது. உங்கள் ஓட்டும் முறை கரி சேருவதற்கு ஒத்தாசை செய்திருக்கலாம், தொடங்கி வைத்தது அதுவல்ல.

இதே தர்க்கம் வேறு பல சந்தேகங்களையும் ஒதுக்கிவிடுகிறது. ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப், ஆக்சிஜன் சென்சார், மோசமான பெட்ரோல் எல்லாம் நான்கு சிலிண்டருக்கும் பொது. அவற்றை மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

அந்தப் பழுப்பு வளையம். பீங்கான் இரும்பைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, தேநீர்க் கறை மாதிரி இருக்கிறது, நான்கு பிளக்கிலும் இருக்கிறது. அது கம்ப்ரஷன் லீக் இல்லை. உயர் மின்னழுத்தம் பாயும்போது பீங்கானைச் சுற்றி உண்டாகும் மின்புலம், காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைக்கும். அதன் பெயர் கொரோனா கறை. பிளக் தயாரிப்பாளர்களே இதை இயல்பானது என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது வேறொன்று: பீங்கானின்மேல் மேலிருந்து கீழாக, பென்சிலால் கீறின மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு. அப்படி இருந்தால் மின்சாரம் முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாகக் குறுக்கு வழியில் இறங்கியிருக்கிறது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதே தடம் விழுந்திருக்கும். அப்போது பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய ரப்பர் புது பிளக்கையும் கெடுத்துவிடும். உங்கள் படத்தில் அப்படிக் கோடு தெரியவில்லை. ஆனால் படம் ஒரு பக்கம்தான், பிளக்கைத் திருப்பிப் பாருங்கள்.

என் சந்தேகப் பட்டியல்

முதல் சந்தேகம் காயில். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, "இரண்டு வாரம் புதுசு மாதிரி ஓடியது" என்பது. புது பிளக்கின் முனை கூர்மையாக, சுத்தமாக இருக்கும், பொறி தாவக் குறைந்த மின்னழுத்தமே போதும். வலுவிழந்த காயில்கூட அதைச் சமாளித்துவிடும். நாளாக ஆகக் கரி படிந்து, மின்சாரம் பொறியாகத் தாவாமல் கரி வழியே கசியத் தொடங்கும்போது காயிலின் குட்டு வெளிப்படும். மேடு ஏறும்போது விளக்கு மின்னியதும் இதோடு பொருந்துகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். வலுவில்லாத காயில் அங்கேதான் கைவிடும்.

இரண்டாவது, இரண்டாம் சிலிண்டரின் இன்ஜெக்டர். இரவெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தால் காலையில் அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் தேங்கி, முதல் ஒரு நிமிடம் உதறும், பிளக்கும் கறுக்கும். உங்கள் காலை நேர உதறல் இதைத்தான் நினைவூட்டுகிறது. காயிலுக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன், மேட்டில் மின்னியதை இது அவ்வளவு நன்றாக விளக்கவில்லை என்பதால்.

மூன்றாவது, இன்ஜினுக்கு உள்ளே: வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் குறைவது, அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) வழியாகக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) கசிவது. 24,000 கி.மீ.யில் அரிது. ஆனால் கூலன்ட் கசிவும் காலை முதல் ஸ்டார்ட்டில்தான் உதறலாக வெளிப்படும் என்பதால் ஒதுக்கிவிட முடியாது. இன்ஜின் முழுதாக ஆறியபின் கூலன்ட் டப்பாவின் அளவைப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் காயில் பேச்சையே விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

கையோடு ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வந்தால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. அப்படியானால் பழுதைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றுங்கள், கி.மீ. கணக்குப் பார்க்க வேண்டாம்.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை

நான்கு காயில், நான்கு இன்ஜெக்டர் என்று வாங்குவதற்கு முன்னால், ஒரு பாகம்கூட வாங்காமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்யச் சொல்லுங்கள். கை பழகிய மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலைதான்.

இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் போட்டு, மூன்றாவதின் காயிலை இரண்டாவதில் போட வேண்டும். இரண்டாம் சிலிண்டரின் பிளக்கை நான்காவதில் போட்டு, நான்காவதை இரண்டாவதுக்குக் கொண்டுவர வேண்டும். இன்ஜெக்டரைத் தொட வேண்டாம். கோடைக் குறித்துக்கொண்டு அழித்துவிட்டு, இரண்டு மூன்று காலை வழக்கம்போல ஸ்டார்ட் செய்து ஓட்டுங்கள். விளக்கு மின்னினால் மட்டும் அங்கேயே சோதனையை நிறுத்திவிட்டுக் கோடைப் படியுங்கள். பி0303 வந்தால் குற்றவாளி காயில், அதுவும் ஒரே ஒரு காயில். பி0304 வந்தால் பிளக். மறுபடி பி0302 என்றே வந்தால் காயிலும் பிளக்கும் நிரபராதி. அப்போதுதான் இன்ஜெக்டர், அந்தக் காயிலுக்குப் போகும் ஒயர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் போக வேண்டும். கம்ப்ரஷன் பார்க்கும்போது தனி எண்ணைவிட மற்ற மூன்றோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். இரண்டாவது மட்டும் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தால் காரணம் உள்ளே இருக்கிறது.

சிலிண்டர் எண் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதை காரின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். தப்பான முனையிலிருந்து எண்ணினால் இரண்டாவது மூன்றாவதாகிவிடும், முடிவும் தலைகீழாகிவிடும். இந்தத் தப்பை அனுபவசாலிகளும் செய்து பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு காயில் கனெக்டராகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லை என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. உங்கள் காரில் அதை அனுமதிக்காதீர்கள். ஷாக் அடிக்கலாம், பிடுங்கிய நேரமெல்லாம் பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகும். உங்கள் இன்ஜின் நேரடி இன்ஜெக்‌ஷன் வகை (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுவது) என்றால் இன்ஜெக்டர் பக்கம் வீட்டில் யாரும் கை வைக்கவும் கூடாது. அந்தக் குழாயில் பெட்ரோலின் அழுத்தம் 100 பாருக்கு மேல் இருக்கும், தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

தம்பியின் யோசனை

ஹாட் பிளக் என்றால் பொறி சூடாக இருக்கும் என்று உங்கள் தம்பி நினைக்கிறார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முனையில் ஏறும் சூட்டைப் பிளக் எவ்வளவு வேகமாக இன்ஜின் தலைக்குக் கடத்துகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. ஹாட் பிளக் சூட்டை மெதுவாகக் கடத்தும், அதனால் முனை சூடாகவே இருக்கும், கரியும் எரியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே பிளக் நெடுஞ்சாலையில் முழு மிதியில் 800 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறி விழுமுன்னே முனையின் சூடே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டன் ஓட்டையாகும் பழுது அது. ஒரு சிலிண்டரின் நோய்க்கு நான்கு சிலிண்டருக்கும் மருந்து கொடுத்து, இருக்கிற நோயையும் மறைக்கும் வேலை.

இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் வெப்ப எண் கூடினால் குளிர்ந்த பிளக். பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக். கம்பெனி மாற்றி எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நினைத்ததற்கு எதிரானது வந்து சேரும். கார் புத்தகத்தில் போட்டிருக்கும் பிளக் எண்ணையே போடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் போட்டது அதுதானா என்று பில்லிலும் ஒருமுறை சரிபாருங்கள். இரிடியம் முனை பிளக் போட வேண்டிய இடத்தில் சாதாரண நிக்கல் பிளக் போடுவது நடக்காத விஷயமில்லை. இரிடியம் பிளக் பொதுவாக 1,00,000 கி.மீ. வரை வரும், நிக்கல் அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

வாரண்டியை மறந்துவிட்டீர்கள்

மூன்று வருடம்கூட முடியாத கார் என்று எழுதிவிட்டு, வாரண்டி பற்றி ஒரு வரிகூட நீங்கள் கேட்கவில்லை. வாரண்டிப் புத்தகத்தை இன்றே எடுங்கள். பிளக் தேய்மானப் பொருள் என்பதால் பெரும்பாலும் அதில் சேராது. காயில், இன்ஜெக்டர், இன்ஜின் உள்பாகம் எல்லாம் பொதுவாகச் சேரும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சில நாடுகளில் தனியாக நீண்ட காலம் உண்டு. நீங்கள் போன ஒர்க்‌ஷாப் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால், இனி எந்தப் பாகத்தையும் அங்கே மாற்றும் முன் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள். இடமாற்றச் சோதனையையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், போவதற்கு முன் கோடை அழிக்க வேண்டாம். அழித்தால் மிஸ்ஃபயர் நடந்த நொடியில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு, மிதி எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரில் எழுதும் வேலைச் சீட்டு) "பிளக் மாற்றவும்" என்று எழுத விடாதீர்கள். "காலை முதல் ஸ்டார்ட்டில் உதறுகிறது, ஏற்றத்தில் செக் இன்ஜின் விளக்கு மின்னியது, பிளக் மாற்றி இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது" என்று உங்கள் வார்த்தையிலேயே, தேதியோடு எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்குங்கள். வாரண்டி முடிய இன்னும் சில வாரம்தான் என்றால் இது மிக முக்கியம். முடிவதற்கு முன் பதிவான புகாரைத் தட்டிக்கழிப்பது அவர்களுக்குக் கடினம். அந்த நான்கு பழைய பிளக்கையும் எடுத்துப் போங்கள். துடைக்காதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், அந்தக் கரிதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

உங்கள் முதல் கேள்விக்கு இப்போதைக்கு என் பதில்: ஓட்டும் முறைமேல் முழுப் பழியையும் போட முடியாது, தயாரிப்புக் குறை என்று அறுதியிட இடமாற்றச் சோதனை முடிய வேண்டும். சரியானபின் வாரம் ஒரு தடவையாவது அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள், பிளக்குக்கும் நல்லது, ஆயிலுக்கும் நல்லது.

கடைசியாக, சோதனைக்குப் பிளக்கைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைத் திருகும் முன் அந்தக் குழிக்குள் காற்றடித்து மணலை ஊதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது நேராகச் சிலிண்டருக்குள் விழும். திரும்பப் போடும்போது முதல் சில சுற்று கையாலேயே திருகி, அப்புறம் குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். இன்ஜின் தலை அலுமினியம், மரை போனால் போனதுதான். எந்த எண் கோடு வந்தது என்று எழுதுங்கள், மீதியைப் பார்க்கலாம்.